விலை குறைத்த வீடு

இரவு பதினொன்றே கால் மணி. ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் போகிற சாலை. தெருவிளக்கு மூன்றுக்கு ஒன்றுதான் எரியும். இடது பக்கம் சயனைடு மேடு, தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்தது, நிலா இல்லாத நாளிலும் வெளிறித் தெரியும். வலது பக்கம் எப்போதோ மூடிய சுரங்க ஷாஃப்ட். அந்தச் சாலையில் ஒரு ஸ்கூட்டர் தனியாகப் போகிறது... ஓட்டுகிறவர் சாம்சன். கால் வைக்கிற இடத்தில் சுருட்டிய பாய், ஒரு டார்ச், ஒரு தண்ணீர் பாட்டில்.

ஜன்னலை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். ரயில் எப்போது கிளம்பும் என்று தெரியவில்லை. பெட்டியில் விளக்கும் போய்விட்டது. உங்களைப் பயமுறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது.

சாம்சன் எனக்குச் சொந்தக்காரர் இல்லை. என் நண்பன் பவனின் தாய்மாமன். வீடு வாங்கி விற்கிற புரோக்கர். எங்கள் ஊரில் ரயில் ஓடினால்தான் வீட்டுக்கு விலை. காலையில் நாலரை மணிக்கு ஏறி பெங்களூரு போய், ராத்திரி திரும்பி வர முடியும் என்பதால்தான் ஆட்கள் இங்கே வீடு வாங்குகிறார்கள். 2019 வரை நல்ல விலை போனது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து ரயில் நின்றது. அதோடு எல்லாம் நின்றது. தெருவுக்கு நான்கு வீட்டில் 'மாராட்டக்கிதே', விற்பனைக்கு என்று கன்னடத்தில் போர்டு தொங்கியது. வாங்கத்தான் ஆள் இல்லை. கம்பெனியில் என்னையும் போனிலேயே நிறுத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சாம்சன் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆண்டர்சன்பேட்டை முடிகிற இடத்தில், கடைசித் தெருவில், ஜெயமேரியின் வீடு. ஓட்டு வீடு. ஆனால் சொந்த மனை, காதா, அதாவது முனிசிபாலிட்டிப் பதிவு, சுத்தமாக இருந்தது. சுரங்கக் கம்பெனி லைன் வீடுகள் மாதிரி யாருடையது என்ற வழக்கே கிடையாது. சாம்சன் அதைத் தானே வாங்கிப்போட நினைத்தார். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு ரயில் ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

ஜெயமேரிக்கு அப்போது அறுபது வயதிருக்கும். புருஷன் ஏசுபாதம் சுரங்கத்தில் இருந்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடியதும், வடக்கே எங்கேயோ வேலை இருக்கிறது என்று நான்கு பேரோடு ரயில் ஏறினார். மூன்று கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. செத்தாரா, வேறு குடும்பம் வைத்துக்கொண்டாரா... யாருக்கும் தெரியாது. அந்த அம்மா பத்தொன்பது வருஷம் அதே வீட்டில் இருந்தார். மகள் டீனா பெங்களூரில். மருமகனுக்கு வேலை போனதும், வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்று மகள் அழுது கேட்டாள். அதற்குத்தான் ஒத்துக்கொண்டார்.

விலை மட்டும் இறங்கவில்லை. பழைய விலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கஷ்ட காலத்திலும் கோலாரிலிருந்து ஒருவர், மாலூரிலிருந்து ஒருவர் என்று வீடு பார்க்க வந்தார்கள். அவர்களில் யாராவது வாங்கிவிடுவார்களோ என்று சாம்சனுக்குப் பயம்.

ஒரு நாள் டீக்கடையில், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"பேய் வீடுன்னு சொல்லக் கூடாது கிரண். சொன்னா சிரிச்சிட்டுப் போய்டுவான். ராத்திரி யாரோ கதவு தட்றாங்களாம், தொறந்தா ஆள் இல்லியாம்... அவ்ளோதான் சொல்லணும். மீதிய அவனே கட்டிக்குவான்."

அப்படியே செய்தோம். வீடு பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம், சாம்சன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, சொல்ல மனசில்லாதவர் மாதிரி அந்த ஒரு வரியைச் சொல்வார். நான் கீழே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதுதான் என் வேலை. இரண்டு தடவை நானே வாங்க வந்தவனாகவும் நடித்தேன். அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று எழுந்து வருவேன்.

இரண்டே வாரத்தில் வீடு பார்க்க வருவது நின்றது. தெரு முழுக்கப் பேச்சு. யாரும் கேட்காத சத்தத்தை நான்கு பேர் கேட்டதாகச் சொன்னார்கள். எதிர்வீட்டுக் குணசுந்தரி, தன் காதாலேயே கேட்டதாக அடித்துச் சொன்னாள்.

டிசம்பர் முதல் வாரம். ஜெயமேரி எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். சண்டை போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனோம். உட்கார வைத்தார். காபி கொடுத்தார். காபியில் சுக்கு வாசனை... இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

"சாம்சன் தம்பி, ராத்திரி கதவு தட்ற சத்தம் கேக்குதாமே. நீங்க கேட்டீங்களா?"

சாம்சன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேட்டேங்க்கா. ஒரு நாள் அந்தப் பக்கமா வந்தப்போ."

"எத்தினி மணிக்கி?"

"ரெண்டு... ரெண்டரை இருக்கும்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீயும் கேட்டியா கண்ணு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அவர் முகம் மாறியது. பயத்தில் இல்லை. அத்தனை வயதில் ஒரு முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"அவருதான்" என்றார். "எனக்குத் தூக்க மாத்திர போட்டாத்தான் தூக்கம் வரும். அதான் கேக்கல. இத்தினி வருசம் கழிச்சி மனுசன் வந்து தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போய்க்கினு கீறாரு. நான் தூங்கிக்கினு கீறேன்."

வெளியே வந்ததும் சாம்சன் வண்டியைக் கிளப்பினார். தெருமுனையில்தான் வண்டியை நிறுத்தினார்.

"உண்மைய சொல்லிட்லாம் மாமா" என்றேன்.

"சொல்லிட்டு? இந்த ஊர்ல நாம தலை காட்ட முடியுமா? விடு. ரெண்டு வாரத்துல அதுவே அடங்கிடும்."

அடங்கவில்லை. அந்த அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு வாசற்கதவை விரியத் திறந்து வைத்து, நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். தட்டி எழுப்புகிற சிரமம்கூடப் புருஷனுக்கு வேண்டாம் என்று குணசுந்தரியிடம் சொன்னாராம். வீடு விற்பது இல்லை என்றும் சொல்லிவிட்டார். அவருக்கு இந்த அட்ரஸ்தான் தெரியும், வேறு எங்கே வருவார் என்று.

எங்கள் ஊர் டிசம்பர் குளிர் உங்களுக்குத் தெரியும். மேட்டுப் பக்கமிருந்து காற்று நேராக அந்தத் தெருவுக்குள்தான் வரும்.

நான் ஒரு தடவை அந்த வழியாகப் போனேன். இரவு பன்னிரண்டு இருக்கும். தூரத்திலிருந்தே பார்த்தேன். தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருக்க, ஒரே ஒரு வீட்டுக் கதவு மட்டும் திறந்து, மஞ்சள் வெளிச்சம். நடுவில் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார். புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து... எட்டிப் பார்த்தார்.

நான் விளக்கை அணைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி பத்தாம் தேதி காலை, பால் போடுகிறவர் பார்த்திருக்கிறார். அந்த அம்மா நாற்காலியிலேயே இருந்தாராம். நான்கு நாளாகக் காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டியிருந்ததாம். உள்ளே போய்ப் படுங்கள் என்று குணசுந்தரி சொன்னதற்கு, இன்றைக்கு ஒரு நாள் பார்க்கிறேன் என்றாராம். கொரோனா காலம். கல்லறைக்கு எட்டுப் பேர்தான் போனோம். நானும் மண் போட்டேன்.

அடுத்த மாதமே டீனா வீட்டை விற்றாள். யாரும் கேட்காத வீட்டைப் பாதி விலைக்கு வாங்கினார்கள் என்று அவளுக்கு நன்றிதான். பத்திரம் சாம்சனின் மனைவி சுமா பேரில். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. எனக்குச் சேர வேண்டியதைச் சாம்சன் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

இரண்டரை வருஷம் வீடு பூட்டியே கிடந்தது. 2023-ல் ரயில்கள் எல்லாம் பழையபடி ஓடின. பக்கத்தில் எக்ஸ்பிரஸ் ரோடு வருகிறது என்று வேறு பேச்சு. விலை ஏறியது. சாம்சன் ஓடுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கூரை போட்டார். புது ஒயர், புதுக் குழாய். பூட்டிக் கிடக்கிற வீடுகளில் ஒயரை உருவிக்கொண்டு போகிற கூட்டம் ஒன்று அப்போது சுற்றிக்கொண்டிருந்தது. பெயின்ட் வேலை முடியும்வரை ராத்திரி அங்கே படுக்கலாம் என்று கிளம்பினார். முதலில் சொன்னேனே, அந்த ராத்திரி அதுதான்.

பெயின்ட் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டார். கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார்.

குளிரில் விழிப்பு வந்தது. டார்ச்சை அடித்தார்.

கதவு விரியத் திறந்திருந்தது.

தாழ்ப்பாள் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். எழுந்து சாத்தினார். இந்தத் தடவை மூலையில் கிடந்த சிமென்ட் மூட்டையை, ஐம்பது கிலோ, இழுத்து வந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தார். இழுத்த சத்தம் காலி வீட்டில் கரகரவென்று எதிரொலித்தது. படுத்தார். தூக்கம் வரவில்லை... கண்ணை மட்டும் மூடியிருந்தார். எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று சத்தியம் செய்கிறார். முகத்தில் மறுபடியும் அந்தக் காற்று.

கதவு திறந்திருந்தது. மூட்டை பழைய மூலையில் இருந்தது. தரையில் அவர் இழுத்த கோடு ஒன்றுதான்... திரும்பிப் போன கோடு இல்லை.

பெயின்டர் ஏறி நிற்கிற பிளாஸ்டிக் நாற்காலி, வாசல் நடுவில், தெருவைப் பார்த்துப் போட்டிருந்தது.

இப்போது பெயின்ட் நாற்றம் இல்லை. தைல வாசனை. நெஞ்சுச் சளிக்குத் தேய்ப்பார்களே, அந்த வாசனை. நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அதன் கால்கள் லேசாக அகன்றிருந்தன. ஆள் உட்கார்ந்தால் அகலுமே, அந்த அளவுக்கு. பிளாஸ்டிக் மெதுவாக முனகியது. நிறுத்தியது. மறுபடியும் முனகியது... யாரோ மூச்சு விடுகிற அளவில்.

சாம்சன் எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் வெளியே போக இருக்கிற வழியில்தான் நாற்காலி. அவர் பாயிலேயே முட்டி போட்டார். அழுதுவிட்டார்.

"அக்கா... யாரும் தட்டலக்கா. நான்தான் பொய் சொன்னேன். வெலைய எறக்க சொன்னேன். அவரு வரலக்கா."

முனகல் நின்றது.

தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. பிறகு நாற்காலிப் பக்கமிருந்து, சளி கட்டிய குரலில், கோபமே இல்லாமல்...

"மெதுவா பேசுங்க தம்பி. அவரு தட்னா கேக்காது."

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. காலையில் ஸ்கூட்டர் அங்கேயே நின்றது. அவர் ஊரிகம் ஸ்டேஷன் பெஞ்சில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். பவனும் நானும்தான் போய்க் கூட்டிவந்தோம்.

அன்று மதியமே வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று டீனாவைத் தேடி பெங்களூரு போனோம். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சாம்சன் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் எங்களை உள்ளே கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னாள்.

"அந்த வீடு எனக்கு வேணாங்க மாமா. அம்மா கடசில புத்தி கலங்கிப் போய்ட்டாங்க. நான் கூட்டிக்கினு வந்திருக்கணும். என் தப்புதான்" என்றாள்.

அவள் தப்பு இல்லை என்று சொல்ல நாங்கள் இரண்டு பேர் அங்கே இருந்தோம். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

பிறகு, யார் என்ன விலை கேட்டாலும் தள்ளிவிடுவது என்று சாம்சன் முடிவு செய்தார். போட்டோ எடுத்து நெட்டில் போட்டதும் பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி கூப்பிட்டார்கள். மஞ்சுநாத், ரஷ்மி. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். சாம்சன் அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டேன் என்றார். சாவியை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

பகல் பதினொரு மணி. நல்ல வெயில். நான் போனபோது அவர்கள் காருக்குப் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஸாரி, லேட் ஆய்டுச்சு. வாங்க, வீட்டப் பாக்கலாம்" என்றேன்.

"பார்த்தாச்சு சார்" என்றாள் ரஷ்மி. "ஆண்ட்டி எல்லா ரூமும் காட்டிட்டாங்க. எங்களுக்குப் புடிச்சிருக்கு."

நான் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். கதவில் பூட்டு தொங்கியது. சாவி என் கையில் இருந்தது.

"எந்த ஆண்ட்டி?"

"இப்பத்தான் உள்ள போனாங்க. ஒடம்பு சரியில்ல போல, ரொம்ப இருமல். ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க சார். ராத்திரில வாசக்கதவுகிட்ட ஒரு ஆள் உக்காந்திருப்பாங்க, பரவாயில்லையான்னு. யாருன்னு கேட்டேன். சாம்சன் தம்பி, கிரண் தம்பி, ரெண்டு பேரும் மாத்தி மாத்தின்னாங்க. ஆண்ட்டிக்கு ரொம்ப வருஷமா தூக்கம் இல்லையாம். கொஞ்சம் படுக்கணுமாம்." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கிரண்ங்கிறது நீங்கதானே?"

வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன்.

அன்று ராத்திரியே சாம்சன் போனார். மறுநாள் நான். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் ஒரு நாள், நான் ஒரு நாள். ஷிஃப்ட் மாதிரி. நீங்கள் எல்லாரும் வீட்டுக்குப் போவீர்கள். நான் ஊரிகத்தில் இறங்கி அங்கே போவேன். என் வீட்டில் நைட் டியூட்டி என்று சொல்லியிருக்கிறேன். கதவை விரியத் திறந்து வைத்து நாற்காலியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். யாரும் வந்ததில்லை. யாரும் தட்டியதில்லை. ஏசுபாதம் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்க்கிறேன். உள் அறையில் மூச்சு சீராக வந்துகொண்டிருக்கும்... நன்றாகத் தூங்குகிறவர் மூச்சு. அந்தப் பக்கம் நான் திரும்புவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை என் முறை. இந்த வருஷத்தில் அப்படி ஒரு குளிர் இல்லை. பல் கிடுகிடுத்தது. நான்கு மணிவரை விழித்திருந்தேன், அப்புறம் எப்படியோ கண் அசந்துவிட்டது. விழித்தபோது தெருவில் பால்காரர் வண்டி போய்க்கொண்டிருந்தது. எனக்குக் குளிரவே இல்லை.

கழுத்துவரை ஒரு கம்பளி போர்த்தியிருந்தது. ஓரங்களை இழுத்து, காற்று புகாதபடி, என் காலுக்கு அடியில் செருகியிருந்தது.

நான் கம்பளி கொண்டுபோவதில்லை. அந்த வீட்டில் ஒரு கந்தல் துணிகூடக் கிடையாது.

விலக்கலாம் என்று உள்பக்கம் கை வைத்தேன்... சுட்டது. காய்ச்சலில் கிடக்கிற ஒருவர் மேலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி.